அக்காவுக்குக் கொடுக்காத குதிரை

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு சத்திரத்துக் கூடம். நல்ல பகல் வேளை. உட்கார்ந்திருந்த நாலு பேர் ஒரே நொடியில் எழுந்து நின்றோம்.

யாரும் யாரையும் எழச் சொல்லவில்லை. சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் கூரைதான் விழப்போகிறது என்று நினைத்து வாசல் பக்கம் ஓடினார்கள். ஒரு பெரியவர் செருப்பை விட்டுவிட்டே ஓடினார். மற்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எழுந்த நாலு பேரில் நான் ஒருத்தி. என் பக்கத்தில் என் அக்கா சரசா. எதிரே நகரியிலிருந்து வந்திருந்த இரண்டு ஆண்கள். எங்களுக்கு நடுவே இரண்டு சதுரங்கப் பலகைகள், இரண்டு கடிகாரங்கள்.

எழுந்த வேகத்தில் அக்கா என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். ஒரு வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள் அவள்.

அவள் ஏன் கத்தினாள், நாங்கள் ஏன் எழுந்தோம் என்பதைச் சொல்ல நான் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வழி தெரியும். நேர் ரோட்டில் நடந்து எனக்குப் பழக்கமில்லை.

கரண்ட் போனால் செஸ்

எங்கள் தறிக்கூடம் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். 'பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டிய பெண்ணுக்குச் செஸ் எங்கிருந்து வந்தது? கதை விடுகிறீர்களா?' என்று கேட்கிறார்.

கதை இல்லை அம்மா, மின்வெட்டுதான் காரணம். அந்தக் காலத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போனால் விசைத்தறி நிற்கும். தறி நின்றால் நாங்கள் எங்கே போவது? வீட்டுக்குப் போய் உலை வைத்தால் அரிசி போடும் நேரத்தில் கரண்ட் வந்துவிடும். அதனால் கூடத்திலேயே பாவு நூல் மூட்டைமேல் உட்கார்ந்து எதையாவது ஆடுவோம். முதலில் தாயம். அப்புறம் அக்காவின் வீட்டுக்காரர், என் பாவா, மெட்ராஸ் போனபோது ஒரு சதுரங்கப் பெட்டி வாங்கி வந்தார். தாயம் மூலைக்குப் போனது.

எங்கள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, எட்டுத் தறி. எனக்கு இரண்டு, பக்கத்தில் அக்காவுக்கு இரண்டு. அவளைக் கட்டிக்கொடுத்தது அடுத்த தெருவில்தான். அதனால் காலையில் சோறாக்கி வைத்துவிட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிடுவாள். கரண்ட் போனதும் ஆட்டம். வந்ததும் பலகையை அப்படியே ஜன்னலில் தூக்கி வைத்துவிட்டுத் தறிக்கு ஓடுவோம். ஒரே ஆட்டம் மூன்று நாள் நடந்ததுண்டு.

கரண்ட் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை ஒன்று இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். தறியின் கைப்பிடியைத் தள்ளி நிறுத்தத்தில் வைத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் கரண்ட் திரும்பி வந்ததும் தறி தானாகக் கிளம்பிவிடும். குறுக்கே ஓடும் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவின் நடுவில் நின்றிருந்தால் நூறு இழை ஒரே அடியில் அறுந்துபோகும். ஒரு நாள் பிழைப்பு முடிந்தது. அதனால் தறிச் சத்தம் நின்ற நொடியில் எங்கள் கை கைப்பிடிக்குப் போய்விடும். சத்திரத்தில் படுத்திருந்தாலும் சரி, சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, கை கேட்காது.

கையால் பேசினால் பேச்சில்லை

எட்டுத் தறி ஓடும் கூடத்தில் வாயால் பேச முடியாது. காதுக்குள் கத்தினாலும் பாதிதான் கேட்கும். அதனால் கையால் பேசுவோம்.

உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினால் இழை அறுந்துவிட்டது, நிறுத்து என்று அர்த்தம். ஆள்காட்டி விரலைச் சுற்றினால் தார் தீர்ந்துவிட்டது, வேறு கொடு. தார் என்பது நூல் சுற்றிய சின்னக் கட்டை, நாடாவுக்குள் இருப்பது. நூல் வியாபாரி சேட்டு குதிரை வண்டியில் வருவார். அவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தவர்கள் இரண்டு விரலால் டக் டக் என்று தட்டிக் காட்டுவோம். உடனே எல்லார் முகத்திலும் ஒரு பணிவு வந்துவிடும்.

அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திய வருஷத்தில் இந்தக் கைதான் என்னைக் காப்பாற்றியது. தறி ஓடும்போது அவள் எனக்கு விரல் சுற்றுவாள், நான் தார் எடுத்துக் கொடுப்பேன். என் பாவில் இழை அறுந்தால் எனக்கு முன்னால் அவள் கண்ணில்தான் படும். உள்ளங்கையைக் காட்டுவாள். கையால் பேசினால் அது பேச்சில் சேராது என்பது எங்கள் இருவருக்கும் சொல்லாமலே ஏற்பட்ட ஒப்பந்தம். கரண்ட் போனால்தான் கஷ்டம். கூடம் அமைதியாகிவிடும். அவள் பின்கட்டு வழியாகப் போவாள், நான் தெருப்பக்கம் போவேன். சதுரங்கப் பெட்டி ஜன்னலில் பஞ்சு படிந்து கிடந்தது.

சண்டை எதற்கு என்று கேட்பீர்கள். பாவாவின் தம்பி குமரேசனை எனக்குப் பேசினார்கள். நான் வேண்டாம் என்றேன். அவன் நல்ல பையன்தான். ஆனால் சின்ன வயசிலிருந்து அவன் மூக்கு சிந்துவதையும் பார்த்தவள் நான், பம்பரத்தில் என்னை ஏமாற்றியதையும் பார்த்தவள். மாலை போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாளைக் கடத்தினேன். கடைசியில் அவர்கள் வீட்டார் வந்து, வெற்றிலைத் தட்டெல்லாம் பரப்பி வைத்தபிறகு, கூடத்தின் நடுவில் நின்று, "எனக்கு வேணாம் நைனா" என்று சொன்னேன்.

அக்கா அப்போது காப்பித் தம்ளர்களோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள். அவள் முகம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. தம்ளர்களை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

ரெட்டைப் பலகை

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். திருத்தணிக்கு மாற்றலாகி வந்த ராகவன் சார் என்று ஒரு பேங்க் கிளார்க். மெட்ராஸ்காரர், ஒல்லி, எப்போதும் சட்டைப் பையில் ஒரு சிப்பாய்க் காய் வைத்திருப்பார். ஏன் என்று கேட்டால், "தனியா இருக்காம்மா" என்பார். அவர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சத்திரத்தில் செஸ் ஆட ஆள் சேர்த்தவர். ரெட்டைப் பலகை ஆட்டத்தையும் அவர்தான் கொண்டுவந்தார்.

ஒரு ஜோடிக்கு இரண்டு பேர். பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருத்தருக்கு வெள்ளைக் காய், மற்றவருக்குக் கறுப்பு. எதிரே அதேபோல இன்னொரு ஜோடி. நான் வெள்ளை என்றால், என் எதிராளியிடமிருந்து வெட்டி எடுக்கும் கறுப்புக் காயை என் கூட்டாளி கையில் கொடுத்துவிடுவேன். அவள் தன் முறை வரும்போது, நகர்த்துவதற்குப் பதிலாக அந்தக் காயைத் தன் பலகையில் காலியான கட்டத்தில் டப்பென்று வைக்கலாம். வானத்திலிருந்து யானை இறங்கும், குதிரை இறங்கும். செத்த காய் பக்கத்துப் பலகையில் உயிரோடு எழுந்து வரும். எந்தப் பலகையில் ராஜா மாட்டி மேட் ஆனாலும் அந்த ராஜாவின் ஜோடிக்குத் தோல்வி.

ஆளுக்கு ஐந்து நிமிஷம். கடிகாரத்தில் முள் பன்னிரண்டைத் தொட்டதும் ஒரு சின்னச் சிவப்புக் கொடி விழும். விழுந்தால் போச்சு. காயை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தின் பித்தானைத் தட்டினால் நம் நேரம் நின்று எதிராளி நேரம் ஓடத் தொடங்கும். அவசரத்தில் சிலர் நகர்த்தாமலே தட்டிவிட்டுச் சாதித்தார்கள். அதனால் ராகவன் சார் ஒரு கறாரான விதி போட்டார். நகர்த்தாமல் தட்டினால் அந்த ஜோடி தோற்றது, பேச்சே கிடையாது.

கூட்டாளிகள் பேசிக்கொள்ளலாம். பேசிக்கொள்வதா? "யானை குடு!", "ராணிய விட்டுடாத!", "யோவ் நிறுத்துய்யா, செத்துகினு கீறேன் இங்க!" என்று கூரை பறக்கும். சத்திரத்து மேனேஜர், "செஸ்ஸுன்னா புத்திக்காரங்க அமைதியா ஆடறதுன்னு நெனச்சி எடம் குடுத்தேன் சார். இது மாட்டுச் சந்தை" என்று புலம்பினார். இத்தனைக்கும் அவர் ஒரு ஆட்டத்தைக்கூட விடாமல் பார்ப்பார்.

அக்காவும் நானும் நல்லபடி பேசிக்கொண்டிருந்த காலத்தில் இரண்டு போட்டிகளில் ஜோடியாக ஆடினோம். அத்தனை பேருக்கும் மேலே கத்தினோம். இரண்டிலும் முதல் சுற்றிலேயே தோற்று, மத்தியான பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.

மூன்றாவது போட்டி வந்தது. பாவா பழக்கத்தில் எங்கள் பெயரை ஜோடியாகக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வரமாட்டேன் என்று அக்கா சொல்வாள் என நான் காத்திருந்தேன். நான் சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள். சொல்ல வேண்டுமானால் பேசியாக வேண்டுமே! இரண்டு பேரும் வீம்பாக அதே பஸ்ஸில் ஏறி, ஆளுக்கொரு ஜன்னல் பார்த்துக்கொண்டு திருத்தணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. ஆவணி பிறந்ததும் அக்கா குடும்பத்தோடு பம்பாய்ப் பக்கத்துப் பிவண்டிக்குப் போகிறாள் என்று முடிவாகியிருந்தது. பாவாவுக்கு அங்கே தறி மேஸ்திரி வேலை. அப்போது ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம். அவள் இப்படியே போய்விட்டால்? தறி பக்கத்தில் இருந்தவரை கையாவது பேசியது. பிவண்டியிலிருந்து எந்தக் கை தெரியும்? கடிதம் எழுதுகிற ஆளும் இல்லை அவள். இன்றைக்கு எப்படியாவது அவளைப் பேச வைத்துவிட வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

வாய் திறக்காமல் வந்த வெற்றி

அடிவாரமெல்லாம் கிருத்திகைக் கூட்டம் விட்டுப்போன பூ நாற்றம். காவடிப் பூ வாடிக் குவிந்து கிடந்தது. சத்திரத்துக்குப் பின்சந்தில் யாரோ புதிதாக ஆறு விசைத்தறி போட்டிருந்தார்கள். அந்தச் சத்தம் கூடத்துக்குள் வந்துகொண்டே இருந்தது. மெட்ராஸ் பக்கத்திலிருந்து வந்த ஜோடிகள் காதைப் பொத்திக்கொண்டன. எங்களுக்கு அப்படி ஒரு சத்தம் இருப்பதே தெரியவில்லை.

முதல் ஆட்டம் தொடங்கியது. ஒரு நிமிஷம் இரண்டு பேரும் கல்லாக உட்கார்ந்து ஆடினோம். நான் எதிராளியின் யானையை வெட்டப் போனேன். பதிலுக்கு அவன் என் மந்திரியை வெட்டுவான். பரவாயில்லை என்று கையை நீட்டிவிட்டேன். சட்டென்று ஓரக்கண்ணில் அக்காவின் உள்ளங்கை தெரிந்தது. அறுந்துவிட்டது, நிறுத்து.

கை தானாக நின்றது. அவள் பலகையைப் பார்த்தேன். என் மந்திரி மட்டும் அந்தப் பக்கத்துக்குப் போயிருந்தால் அடுத்த நகர்த்தலில் அவளுக்கு மேட்.

கொஞ்ச நேரத்தில் விரல் சுற்றினாள். தார் வேண்டும், அதாவது காய் வேண்டும், எதுவானாலும் சரி. ஒரு சிப்பாயை வெட்டிக் கொடுத்தேன். இரண்டு விரலால் மேஜையில் டக் டக் என்று தட்டினாள். நூல் வியாபாரியா? இங்கேயா? வாசலைத் திரும்பிப் பார்த்தேன் என்றால் நம்புங்கள். அப்புறம்தான் புரிந்தது. வியாபாரி இல்லை, குதிரை!

ஒரு வார்த்தை பேசிவைத்துக்கொள்ளாத பாஷை அது. ஆனால் ஒன்றுகூடத் தப்பவில்லை. கத்தும்போது நாங்கள் பயத்தைத்தான் கத்தியிருக்கிறோம் போல. கையால் சொல்லும்போது தேவையானதை மட்டும் சொன்னோம். மூன்று ஜோடிகளை வரிசையாகத் தோற்கடித்தோம். மேனேஜர், "ரெண்டு பொம்பளைங்க, வாயே தொறக்கல, இது இன்னா அதிசயம் சார்!" என்று ஊரைக் கூட்டினார். ஆனால் ஒவ்வொரு ஆட்டம் ஜெயித்ததும் அக்கா எழுந்துபோய்க் குழாயடியில் தனியாக நின்றுகொண்டாள்.

நகரிக்காரர்கள்

கடைசி ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவர்கள் ஆந்திரப் பக்கத்து நகரியிலிருந்து வந்த முனிரத்தினமும் அவர் மச்சினன் சுதாகரும். என் எதிரில் சுதாகர், கறுப்பு. அக்காவின் எதிரில் முனிரத்தினம், வெள்ளை.

ஆட்டம் தொடங்கி ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அக்கா விரலைச் சுற்றினாள். முனிரத்தினம் காயை நகர்த்திவிட்டு, தலையைத் தூக்காமல் கேட்டார்:

"ஏம்மா, உங்க ஊர்லயும் தார் தீந்துபோனா வெரலத்தான் சுத்துவாங்களா?"

அவர்களும் தறிக்காரர்கள்! நகரியிலும் வீட்டுக்கு வீடு விசைத்தறிதானே. எங்கள் ரகசியம் அத்தனையும் அவர்கள் வீட்டுப் பேச்சு. அக்கா உள்ளங்கையைத் தூக்கினால் எனக்கு முன்னால் சுதாகர் புரிந்துகொண்டான். அவள் இரண்டு விரலால் தட்டியபோது, "சேட்டு வராருடா, குதிரைய பத்திரமா பாத்துக்கோ" என்று மச்சினனிடம் சொல்லிச் சிரித்தார் முனிரத்தினம்.

ஆட்டம் முடிந்தபிறகு அவரிடம் கேட்டேன், எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே சைகையை யார் சொல்லிக் கொடுத்தது என்று. "யாரும்மா சொல்லிக் குடுக்கறது? எங்க தறியும் இதே சத்தந்தானே போடுது" என்றார். இன்றுவரை இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது நான் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கா குதிரை கேட்டபோது என்னால் கொடுத்திருக்க முடியும். என் மந்திரியைப் பலி கொடுத்தால் சுதாகரின் குதிரை கைக்கு வரும். ஆனால் என் பலகையில் இன்னும் மூன்று நகர்த்தலில் நானே மேட் வைத்துவிடலாம் போலத் தெரிந்தது. நானே முடிக்க வேண்டும் என்று ஆசை. கேட்காததுபோல இருந்துவிட்டேன். சுதாகர் என் மேட்டை மூன்றாவது நகர்த்தலில் அழகாக அடைத்தான். குதிரையும் போச்சு, மேட்டும் போச்சு.

கடைசியில் ஆட்டம் ஒரு விசித்திரமான இடத்தில் வந்து நின்றது. அக்காவுக்கு ஒரு குதிரை கிடைத்தால் முனிரத்தினத்துக்கு மேட். கிடைக்காமல் வேறு எதை நகர்த்தினாலும் அவளுக்கு மேட். அதனால் அவள் நகர்த்தாமல் காத்திருந்தாள். என் பலகையில் சுதாகரின் முறை. அவன் எதை நகர்த்தினாலும் நான் ஒரு குதிரையை வெட்டிவிடுவேன். அதனால் அவனும் நகர்த்தவில்லை. அக்காவின் கடிகாரமும் சுதாகரின் கடிகாரமும் மட்டும் ஓடின. யார் கொடி முதலில் விழுகிறதோ அந்த ஜோடி காலி.

மாட்டுச் சந்தையில் ஒரு சத்தம் இல்லை. எல்லாரும் இரண்டு கடிகாரத்தையும் எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சுதாகரின் கொடி ஏறக்குறைய படுத்துவிட்டது. அக்காவுக்கு அவனைவிட அரை நிமிஷமாவது கூட இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், ஜெயித்துவிடுவோம்.

அப்போதுதான் கரண்ட் போனது.

மின்விசிறி நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. பின்சந்தில் ஆறு தறியும் நின்றன. அதைத்தான் கேட்டோம். நாலு பேரும் எழுந்துவிட்டோம். சுதாகரின் கை இடப்பக்கம் போய்க் காற்றைத் தள்ளியது. என் கையும் காற்றைத்தான் தள்ளியது. அக்கா, "கோமளா! கைப்பிடி!" என்று கத்திக்கொண்டே வலக்கையை வீசித் தள்ளினாள்.

அவள் வலப்பக்கத்தில் கடிகாரம் இருந்தது.

டக்.

குழாயடி

ராகவன் சார் முகம் செத்துப்போய்விட்டது. விதி போட்டவரே அவர்தான். முனிரத்தினம்தான் முதலில் பேசினார். "வேணா சார். தறி நின்னா நாங்களும்தான் எழுந்தோம். அந்தம்மா கை பக்கத்துல கடியாரம் இருந்துச்சி, அவ்ளோதான். மறுபடி ஆடலாம்."

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "தட்டிட்டேன். தட்டினது தட்டினதுதான் சார். பரிசை அவங்களுக்கே குடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். எனக்குத் தோற்ற கவலை இல்லை. என் பெயரைச் சொல்லிவிட்டாளே! குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பேசிட்டே" என்றேன்.

"அத தறிக்காக சொன்னேன். உனக்கில்ல."

"இப்ப சொன்னது?"

திரும்பினாள். முகத்தில் தண்ணீர் சொட்டியது. அப்படியே திட்டத் தொடங்கினாள்.

"ஏண்டி, குதிரைய ஏன் குடுக்கல? மேஜைய தட்டித் தட்டி வெரல் வலிக்குதுடி எனக்கு. கண்ணு தெரியலயா உனக்கு?"

"தெரிஞ்சுதுக்கா. நானே மேட் வச்சிடலாம்னு பாத்தேன்."

"நானே, நானே! எப்பவும் இதே. பக்கத்துல ஒருத்தி குந்திகினு கீறாளே, அவள ஒரு வார்த்த கேக்கலாம்னு தோணுதா உனக்கு? அன்னிக்கும் இதத்தானடி செஞ்சே!"

குழாயை நிறுத்தாமலே பேசினாள். தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"எங்க குமரேசன வேணாம்னியே, அதுக்கா எனக்குக் கோவம்? அவன யாருக்கு வேணும்! நீ எங்கிட்ட சொல்லலியேடி. முந்தின நாளு பூரா என் பக்கத்துலதான தறி ஓட்டிகினு இருந்தே? ஒரு கை காட்டியிருந்தா நான் போய் அவங்கள வரவே வேணாம்னு நிறுத்தியிருப்பேன். தட்டு வச்சி, காப்பி கலந்து, நான் சிரிச்சிகினு வரேன், நீ நடுக்கூடத்துல வேணாங்கற. எங்க மாமியா இன்னிக்கு வரைக்கும் 'உன் தங்கச்சி, உன் தங்கச்சி'ன்னுதான் சோறு போடறா எனக்கு."

ஒரு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. குமரேசனை வேண்டாமென்றதால்தான் கோபம் என்று, அவள்மேல் நானும் பதிலுக்குக் கோபமாக இருந்தேன். எனக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கச் சொல்ல இவள் யார் என்று மனசுக்குள் எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன். அவள் அதைச் சொல்லவே இல்லை. அக்காவிடம் முதலில் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான் அவள் வழக்கு. அழுகை வந்துவிட்டது.

"தப்புதாங்கா."

"ஆங். தப்புதான்." குழாயை மூடினாள். "மூக்க சிந்து. அந்தக் குமரேசன் மாதிரியே கீறே."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்துவிட்டாள். பொதட்டூர்பேட்டை பஸ் வந்து நின்றதும் போனதும் எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது.

பெட்டியில் ஒன்று குறைவு

ஆவணியில் அவர்கள் கிளம்பினார்கள். திருத்தணி ஸ்டேஷனில் ஏறி, ரேணிகுண்டாவில் பம்பாய் வண்டிக்கு மாற வேண்டும். நைனா பாவாவுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உளறிக்கொண்டே இருந்தேன். நடுவில் இருந்த கொஞ்ச நாளில் கரண்ட் போகும்போதெல்லாம் பஞ்சு தட்டிவிட்டு அந்தப் பெட்டியைத் திறந்து ஆடியிருந்தோம். இனி யாரோடு ஆடுவது என்று அவளிடம் கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

வண்டி நகர்ந்தது. இரும்புச் சத்தத்தில் அவள் சொல்வது எதுவும் கேட்கவில்லை. கையை வெளியே நீட்டினாள். ஜன்னல் கம்பியில் இரண்டு விரலால் டக் டக் என்று தட்டினாள். அப்புறம் மூடியிருந்த இன்னொரு கையைத் திறந்து காட்டினாள். உள்ளங்கையில் கறுப்புக் குதிரை.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கொட்டி எண்ணினேன். முப்பத்தொன்று. குதிரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தார்க்கட்டையின் நுனியை அறுத்து நிற்க வைத்தேன். அதை வைத்துத்தான் ஆடினோம், வேறு யார் யாரோடெல்லாமோ. புதுக் குதிரை வாங்கலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். வாங்கவில்லை.

அக்கா பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் முந்தானை முடிச்சில் அந்தக் குதிரை வரும். அவள் இருக்கும் நாட்களில் பெட்டி நிறைந்திருக்கும். இத்தனை வருஷமாகியும், கிளம்புகிற அன்றைக்குப் பெட்டியைத் திறந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து நிற்பாள்.

"எடுத்துக்கட்டாடி?" என்று கேட்டுவிட்டுத்தான் முடிச்சுப் போடுவாள்.